உட்கார்ந்த உயரம்

உத்தமபாளையத்தில் கோம்பை ரோட்டுப் பக்கம் நதியாவின் கொட்டகை எங்கே என்று கேட்டால் யாரும் கை நீட்டிக் காட்டுவார்கள். மரம் அறுக்கிற மிஷின்களை அவள் ரிப்பேர் பார்ப்பாள், வாடகைக்கு விடுவாள், கூப்பிட்டால் ஆளோடு வந்து மரத்தையும் இறக்கித் தருவாள். ஆனால் கொட்டகைக்குள் நுழைகிறவர்களின் கண்ணில் முதலில் படுவது பின்சுவர்தான். அங்கே இரும்புக் கொக்கிகளில் பழைய மிஷின்கள் வரிசையாகத் தொங்கும். வண்டன்மேட்டு ஏலக்காய் எஸ்டேட்டுகள் கழித்துக் கட்டியவை, குமுளியில் பழைய இரும்போடு இரும்பாகக் கிடந்தவை. ஒன்றை நகர்த்த ரெண்டு பேர் வேண்டும். ஒன்றின் கைப்பிடியில் எவனோ ஒரு மலையாளத்துக்காரன் கத்தியால் தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறான். எல்லாவற்றையும் அவள் பிரித்துக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, ஓட வைத்திருந்தாள். மாதத்தில் ஒருநாள் ஒவ்வொன்றாக முற்றத்தில் இறக்கி ஓடவிடுவாள். அன்றைக்குத் தெருவெல்லாம் நீலப் புகை.

"பொம்பளைக சேலை சேக்கும், நகை சேக்கும். எங்க முதலாளியம்மா காயலாங்கடை சேக்குது" என்பார் சூசைமுத்து. ராயப்பன்பட்டிக்காரர். அவளைவிடப் பத்து வயது மூத்தவர். கேலி பேசாமல் அவருக்கு மிஷின் ஸ்டார்ட் ஆகாது.

ஏன் சேர்க்கிறாள் என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதுண்டு. பழையதுதான் உசத்தி என்று அவள் நினைக்கவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பழைய மிஷினை ஒரு பகல் முழுக்கப் பிடித்தவர்களாக இருக்க மாட்டார்கள் என்பது அவள் முடிவு. பிடித்தவர்களுக்குச் சாயங்காலம் விரல் மரத்துப்போகும், டீ கிளாஸ் கையில் நிற்காது. எண்ணெய் அதிகம் கேட்கும். இப்போது வருகிற பெட்ரோல் அதன் ரப்பரையெல்லாம் தின்றுவிடும். புதுசு அப்படி இல்லை. கனம் பாதி, உதறல் கிடையாது, மரத்தில் இடறி மூஞ்சிக்குத் துள்ளி எத்தினால் கண் இமைக்குமுன் செயின் நின்றுவிடும். வேலைக்கு அவள் எடுப்பது புதுசைத்தான். ஆனால் பழசில் ஒரு குணம் இருந்தது. அதற்குக் கோபம் வந்தால் மறைக்காது. ஓட்டம் கனத்தால் கனத்தது தெரியும், தாகம் எடுத்தால் கத்தும். எங்கே திருகினால் அடங்கும் என்று வெளியிலேயே ஒரு திருகு இருக்கும். கோபத்தை இவ்வளவு வெளிப்படையாக வைத்துக்கொண்டு ஒன்று பிழைத்துக் கிடக்கிறதே என்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இதற்குமேல் அவள் யோசித்ததில்லை.

அந்த ஆடி மாதத்தில் அஸ்லம் போன் செய்தான். கம்பத்துத் திராட்சை வியாபாரி, சின்ன வயசு, நல்ல பையன். அனுமந்தன்பட்டி தாண்டி வாய்க்கால் ஓரம் இடம் வாங்கியிருக்கிறான், பழம் பேக்கிங் செய்ய ஷெட் போடுகிறான். நடுவில் ஒரு புளியமரம் நிற்கிறது. அனுமதியெல்லாம் வாங்கியாச்சு. பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைப் பந்தல் இருக்கிறது, காய் பழுத்துக் கிடக்கிறது, ஒரு கொப்பு அந்தப் பக்கம் சாயக்கூடாது. அதனால்தான் அக்காவைக் கூப்பிடுகிறேன் என்றான்.

பழுத்த பந்தலுக்குப் பக்கத்தில் மரம் இறக்குவதில் நதியாவுக்குப் பேர் இருந்தது. சரி என்றாள்.

டெம்போவிலிருந்து இறங்கி, மரத்தைச் சுற்றித் தென்பக்கம் வந்தபோதுதான் அந்த வேரைப் பார்த்தாள். தரைக்கு மேல் ஒரு சாண் எழும்பி, பெஞ்சு போட்டது மாதிரி வழவழவென்று கிடந்தது. வாய்க்காலில் தண்ணீர் போகிற சத்தமும் அதேதான். வழி மாறியிருந்தது, ரோடு வந்திருந்தது, அதனால் தெரியவில்லை.

இருபது வயதில் அவளை இங்கேதான் கூட்டிவந்தார்கள்.

கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அந்த வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். ஆனாலும் நெஞ்சுக்குள் ஒன்று நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது. ஒருநாள் கொதிக்கிற குழம்புச்சட்டியைத் தூக்கி முற்றத்தில் எறிந்தாள். ஏண்டி என்று மாமியார் கேட்டதற்கு அவள் போட்ட சத்தம், சளி கட்டிய தொண்டையிலிருந்து ஆம்பளைக் குரலாக வந்தது. அது போதும். நம்ம வீட்டுப் பிள்ளை குரலே இல்லை என்று முடிவானது. பேய் ஓட்டுகிற கோடாங்கி வந்து உடுக்கை அடித்தார். வெள்ளி முளைக்கும் நேரத்தில் இந்த வேரில் உட்காரவைத்து, உச்சிமுடியைப் பிடித்து ஆணியில் சுற்றி, மரத்தோடு சேர்த்து அடித்தார். பிறகு முடியை நறுக்கி, திரும்பிப் பார்க்காமல் போ என்றார்.

அந்த விடியலில் அவளுக்குப் பயம் இருந்ததா என்று கேட்டால் நினைவில்லை. நினைவில் இருப்பது அந்தச் சுத்தியல். காம்பு லூசாகி, தலை ஆடிக்கொண்டிருந்தது. காம்பில் ஒரு சின்ன ஆப்பு இறக்கினால் சரியாகிவிடும், இதுகூடத் தெரியாமல் அடிக்கிறாரே என்று தோன்றியது. தோன்றியதும் சிரிப்பு வந்தது. பேய் இறங்குகிற சிரிப்பு அது என்று சுற்றி நின்றவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

புருஷன் சீனிச்சாமி அன்றைக்கு வாய்க்கால் கரையில் தள்ளி நின்றான். தொழிலுக்கு மலைக்குப் போய்வருகிறவன். அடுத்த வருஷம் எஸ்டேட்டிலிருந்து ஓடாத மிஷின் ஒன்றைச் சல்லிசாக வாங்கிவந்து, விற்றால் ஏதாவது வரும் என்று முற்றத்தில் போட்டான். அவள் அதைப் பிரித்தாள். அவன் ஸ்பானர் செட் ஒன்று வாங்கிக்கொடுத்தான். ஆணியைப் பற்றி ரெண்டு பேரும் இன்றுவரை பேசியதில்லை. தொழிலில் யாருக்கும் அது தெரியாது. தெரியவிடவும் கூடாது என்று அவள் இருந்தாள். மரம் அறுக்கிற பொம்பளை என்பதையே ஊர் இப்போதுதான் செரித்திருக்கிறது. பேய் பிடித்தவள் என்பதும் சேர்ந்தால், அதற்குப் பிறகு ஒரு தடவை மிஷின் எத்தினாலும் அது மிஷின் எத்தினதாக இருக்காது.

முதல் நாள் உச்சிக் கொப்புகளை விட்டு மற்றதை இறக்கினார்கள். பந்தல் பக்கத்துக் கொப்புகளைக் கயிறு கட்டித் துண்டு துண்டாக இறக்கியதில் பந்தலில் ஒரு இலை அசையவில்லை. பந்தலுக்குச் சொந்தக்காரி மலையம்மாள் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அறுபது வயதிருக்கும், முறைப்பான பொம்பளை. கடன் வாங்கிப் போட்ட பந்தல், இந்தப் பழம் இறங்கினால்தான் மூச்சுவிடலாம் என்று அஸ்லம் சொல்லியிருந்தான். சாயங்காலம் போகும்போது மலையம்மாள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து சொன்னாள், "ஏத்தா, நாளைக்கு மரம் இங்கன சாஞ்சுச்சுன்னா நான் உன்னையத்தேன் பந்தக்காலா நடுவேன்."

"நடுங்க பெரியம்மா. காய்க்கிறேனான்னு பாப்போம்" என்றாள் நதியா.

மறுநாள் விடிந்ததும் தண்டு வேலை. மேகாத்துக் காலம். பத்து மணிக்கு மேல் மலைக் கணவாய் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு இறங்கும், எதையும் கிழக்கே தள்ளும். கிழக்கேதான் பந்தல். அதற்குள் மரத்தை வடக்கே, வெற்றிடத்தில் விழவைக்க வேண்டும். வடபக்கம் வாய் பிளந்த மாதிரி ஒரு வெட்டு, பிறகு தென்பக்கமிருந்து நேர் அறுப்பு. நடுவில் கதவுக்குக் கீல் மாதிரி ஒரு பட்டை அறுக்காமல் நிற்கும். அந்தக் கீல்தான் மரத்தைப் பிடித்துத் திருப்பி, சொன்ன இடத்தில் படுக்க வைக்கும். தென்பக்க அறுப்பு பாதியில் நின்றுபோனால் கீல் தாங்காது. காற்று வந்து முறுக்கிக் கிழக்கே போட்டுவிடும்.

சூசைமுத்து ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை எடுத்துக்கொண்டு பட்டையைத் தடவினார். புளியமரம் என்றால் ஆணி இருக்கும், இது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். தலை உயரத்தில் காந்தம் டக்கென்று ஒட்டியது. துருப்பிடித்த ஆணித்தலைகள். அதற்குக் கீழே எங்கும் ஒட்டவில்லை.

"பாத்தியா. கீழ அடிச்சதெல்லாம் மரத்தோட வளந்து மேல போயிருச்சு" என்றார். "முழங்காலுக்கு மேல ஒரு சாண் விட்டு அறுத்துருவோம். பெரியவனை எடு."

பெரியவன் என்பது கொட்டகையிலேயே கனமான பழைய மிஷின். செயின் ஓடுகிற பார் நீளம், பல் தடிப்பு. புளியமரத்துக்கு என்றே சூசைமுத்து அதை டெம்போவில் ஏற்றிவந்திருந்தார். அஸ்லமுக்கும் மரத்தைத் தாழ அறுப்பதுதான் வசதி. ஷெட்டுக்குத் தரை போட வேண்டும்.

நதியா கோடரிப் புறத்தால் அடித்தண்டைத் தட்டினாள். முழங்கால் உயரம்வரை பொத்தென்று கேட்டது. உள்ளே பொந்து, அங்கே கீல் பிடிக்காது. அதற்கு மேலே கெட்டி. அந்தக் கெட்டியான இடத்தைத்தான் அவர் அறுக்கச் சொல்கிறார். அங்கேதான் அவளுடைய ஆணி இருந்தது.

நெஞ்சு உயரத்தில் அறுக்கலாம் என்றாள். சூசைமுத்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். நெஞ்சு உயரத்தில் மிஷின் எத்தினால் அது போய் நிற்கிற இடம் கழுத்து, அதுவும் மேலே ஏறிவந்த ஆணியெல்லாம் அந்த உயரத்தில்தான் இருக்கும், ஆணியில் எத்தாமல் வேறு எதில் எத்தும் என்றார். நியாயமான பேச்சுதான், ஆணி ஏறும் என்பதைத் தவிர.

ஆணி ஏறாதண்ணே என்றாள் அவள். மரம் நுனியில்தான் உயரும், அடியில் பருக்க மட்டும்தான் செய்யும், வேலியோர மரத்தில் கம்பி எந்தக் காலத்திலாவது மேலே ஏறிப் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கம்பி வேற ஆணி வேற என்றார் அவர். இது நேர்ந்து அடிச்ச ஆணி. உள்ளே கிடக்கிறது வெளியே வரப் பார்க்கும், மேலே மேலே ஏறும். கண்ணுக்கு முன்னால் தலை உயரத்தில் நிற்கிறதே, பிறகென்ன? அவர் பையில் கிடந்த ஜெபமாலை வெளியே எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது. அஸ்லம் எதையும் நம்புகிறவன் இல்லை, ஆனால் அவனும் காந்தம் சொல்வதைத்தானே கேட்க முடியும் என்றான். வேலிக்கு அந்தப்பக்கம் மலையம்மாளும், பழம் பறிக்க வந்த பெண்களும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

புளிய இலைகள் லேசாகத் திரும்ப ஆரம்பித்தன.

முதலாளி நான், சொன்னதைச் செய்யுங்கள் என்று அவள் சொல்லியிருக்கலாம். அவர் செய்வார். ஆனால் நம்பாத கை மரத்தடியில் நிற்கக்கூடாது. ஆப்பு அடிக்கிறவன் கை ஒரு நொடி தயங்கினால் போதும். இல்லாவிட்டால் பேசாமல் அவர் சொன்ன உயரத்திலேயே விட்டுவிடலாம். செயின் பாதியில் அறும். மரம் பந்தலில் படுக்கும். அதையும் நினைத்துப் பார்த்தாள். மலையம்மாளின் ஒரு வருஷம் தன்னுடைய ஒரு வார்த்தையைவிடச் சின்னதா என்று மனசுக்குள் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

அவள் வேருக்கு மேலே, தன் இடுப்பு உயரத்தில், பட்டைமேல் உள்ளங்கையை வைத்தாள்.

"சூசையண்ணே, என் ஆணி இங்கனதேன் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை.

"இருவது வயசுல என்னைய இந்த வேர்ல உக்கார வச்சுத்தேன் அடிச்சாக. நிக்க வச்சு இல்ல. உக்காந்தா என் தலை இம்புட்டு உயரந்தேன். அது எங்கயும் ஏறிப் போகல, உள்ளுக்குள்ள போயிருச்சு. அதேன் காந்தத்துக்குத் தெரியல. மேல இருக்கிற ஆணி ஏதோ டியூஷன் சென்டர் போர்டு மாட்டினது."

சொல்லி முடித்தபோது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷமாக இதைச் சொன்னால் ஏதோ உடையும் என்று நினைத்திருந்தாள். மிஷினில் என்ன கோளாறு என்று சொல்கிற குரலில்தான் சொல்லியிருந்தாள். ஒன்றும் உடையவில்லை. சூசைமுத்து கையிலிருந்த காந்தத்தைப் பையில் போட்டார்.

வேலிப் படல் கிறீச்சிட்டது. மலையம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, நதியாவை ஒரு வார்த்தை கேட்காமல், மரத்தை ஒருதரம் பார்த்தாள். பிறகு வேரில் உட்கார்ந்தாள். தலையை மரத்தில் சாய்த்து, உச்சிக்கு மேலே கையை வைத்துத் தடவினாள்.

"என்னுது இதுக்குக் கீழ ஒரு சாண்" என்றாள். "எனக்குக் கழுத்து குட்டை."

நதியாவிடம் கட்டைகளுக்குக் குறி போடுகிற நீலச் சாக்குக்கட்டி இருந்தது. தன் இடத்திலும், மலையம்மாளின் விரல் காட்டிய இடத்திலும் வட்டம் போட்டாள். அவள் எழுந்திருப்பதற்குள் ஜக்கம்மா வந்து நின்றாள். பறிக்க வந்தவர்களில் நெட்டையானவள். என் மாமியா பிடிச்சு அமுக்கிக்கிருந்தாக, அதனால கொஞ்சம் கோணலா எறங்குச்சு என்று இடதுபக்கம் காட்டினாள். அதற்கும் ஒரு வட்டம். அதற்குப் பிறகு வந்தவளைப் பார்த்துத்தான் சூசைமுத்து அசந்துபோனார். அவர் ஊர்க்காரி, அவர் தெருக்காரி செபஸ்தியம்மாள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்வரிசையில் முக்காடு போட்டு நிற்கிறவள்.

"நீயுமா?" என்றார்.

"ஏன், வேதக்காரிக்குக் கோவம் வராதா?" என்றாள் அவள். "பாதர்கிட்டப் போயி ஊதிறாதீக. செத்துப்போன எங்க வீட்டுக்காரரு ரகசியமாக் கூட்டியாந்தாரு." அவளும் வேரில் உட்கார்ந்து காட்டினாள், அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் ஒவ்வொருத்தியாக.

பட்டையில் நீல வட்டங்கள் நிறைந்தன. தொடை உயரத்திலிருந்து இடுப்பு உயரம்வரை ஒரு கச்சை கட்டியது மாதிரி. அதற்கு மேலே, போர்டு ஆணி வரைக்கும், வெறும் மரம். யாருடைய தலையும் எட்டாத மரம். இத்தனை பேரா என்று நதியா நினைத்தாள். இத்தனை பேரும் ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்க்காமல் நடந்து போயிருக்கிறோம். பார்த்திருந்தால் முன்னால் போகிறவளின் முதுகாவது தெரிந்திருக்கும்.

சூசைமுத்து வட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டெம்போவுக்குப் போய், பெரியவனைத் தொடாமல், புது மிஷினை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். "நெஞ்சு உயரத்துக்கு இதுதேன் சரி. பிரேக்கு இருக்கு" என்றார், தன் யோசனை மாதிரி.

அவள் செயின் பல்லை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. வடபக்க வாயை வெட்டி, துண்டைத் தட்டி எடுத்து, வெட்டு வெற்றிடத்தைப் பார்த்து நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்தாள். இருந்தது. உச்சிக் கவட்டையில் கட்டிய கயிறு அஸ்லமின் டிராக்டரில் இருந்தது. இழுக்காதே, தொய்வு விடாமல் மட்டும் பிடி என்று சொல்லியிருந்தாள். தென்பக்கம் வந்து, மிக மேலே இருந்த நீல வட்டத்துக்கு ஒரு முழம் மேலே பாரை வைத்தாள்.

செயின் உள்ளே போனது. செம்பழுப்புத் தூள் கனமாக, சீராக அவள் பூட்ஸ்மேல் கொட்டியது. எத்தவில்லை. சத்தம் மாறவில்லை. முதல் காற்று இடது தோளில் பட்டபோது அவள் பாதி தாண்டியிருந்தாள். சூசைமுத்து ஆப்பை வைத்து ஓங்கி அடித்தார், தயங்காத அடி. இன்னொன்று. மரம் கொஞ்சம் முனகியது. கீல் இருக்க வேண்டிய அளவு வந்ததும் மிஷினை வெளியே எடுத்துப் பின்வாங்கி, கையைத் தூக்கினாள். டிராக்டர் ஒரு அடி நகர்ந்தது.

மரம் முதலில் யோசிக்கிற மாதிரி நின்றது. காற்று அதன் கிழக்குத் தோளைப் பிடித்து இழுத்துப் பார்த்தது. கீல் விடவில்லை. பிறகு வடக்கே, அவள் சொன்ன இடத்தில், தரை அதிரப் படுத்தது. புழுதி எழுந்து வேலியைத் தாண்டி, பந்தலுக்குள் போய், கறுத்த குலைகள்மேல் மெல்ல அமர்ந்தது.

மலையம்மாள் பந்தலுக்குள் போய் ஒவ்வொரு வரிசையாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள். பழத்தில எல்லாம் தூசி, யாரு தொடைக்கிறது என்று அதட்டினாள். அவ்வளவுதான். பறிக்கிற பெண்களை வேலைக்கு விரட்டினாள். அவள் மட்டும் போகவில்லை.

மிச்சம் நின்ற முண்டுக் கட்டையைத் தாழ அறுக்க வேண்டும். இப்போது அவசரமில்லை, யார்மேலும் சாய்கிறதற்கு ஒன்றுமில்லை. நதியா பெரியவனை இறக்கினாள். கழித்துப் போட வைத்திருந்த பழைய செயினை மாட்டினாள். நாலைந்து இழுப்புக்குப் பிறகு அது இருமி, புகை விட்டு, தொண்டையைத் திறந்து கத்தியது. நீல வட்டங்களுக்கு நடுவில் அதை வைத்து அமுக்கினாள். பொறி பறந்தது. இரும்பில் பல் உரசுகிற சத்தம் அவள் தோள்வரை ஏறியது. பல் போனதும் நிறுத்தி, இன்னொரு கழிசல் செயினை மாட்டி, மறுபடி அறுத்தாள். முண்டு உருண்டபோது அறுத்த முகத்தில் ஆணிகள் வெட்டுப்பட்டுப் பளபளத்தன. ஒவ்வொன்றையும் சுற்றி, இரும்பு ஊறி, மை மாதிரிக் கறுப்பு பரவியிருந்தது. எது தன்னுடையது என்று தேடத் தோன்றவில்லை. அந்த வெட்டில் எல்லாம் ஒரே உயரத்தில்தான் இருந்தன.

பெரியவனை அணைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டபோது சூசைமுத்து பக்கத்தில் வந்து நின்றார்.

"தப்பா நெனைக்காத தாயி. அன்னைக்கி... அது போயிருச்சுல்ல?"

நதியா அவரைப் பார்த்தாள். குழம்புச்சட்டி பறந்த முற்றமும், முதல் மிஷினைப் பிரித்துப் பரப்பிய அதே முற்றமும் ஒருசேர ஞாபகம் வந்தன.

"எங்க போச்சு?" என்றாள். "அதுதேன் உங்களுக்குச் சம்பளம் போடுது."

சிரிப்பதா வேண்டாமா என்று சூசைமுத்து தடுமாறிக்கொண்டு நின்றார். விழுந்த மரத்தின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மலையம்மாள்தான் முதலில் சிரித்தாள். தொண்டையைத் திறந்து, பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி.